காலி அறையில் யாருக்கு இடம்

வீட்டில் எதை எங்கே வைப்பது என்பதை ரசனையின் பாற்பட்டதாக, மிஞ்சினால் வசதியின் பாற்பட்டதாகக் கருதுவதே வழக்கம். மகாயான பௌத்தம் அதை மெய்யியல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டது. ஓர் அறையில் பொருள்கள் நிறைந்திருப்பதற்கும் மனத்தின் நிலைக்கும் தொடர்பு உண்டா? வேண்டுமென்றே வெறுமையாக்கப்பட்ட அறை பற்றை விட்டவரின் அறையா, வெறுமையின் மீதே பற்று வைத்துவிட்டவரின் அறையா? அழகுக்காக வைக்கும் ஒரு பூ துறவுக்கு இடைஞ்சலா? இந்தியாவில் எழுந்த இந்தக் கேள்விகள் சீனா வழியாக ஜப்பானுக்குச் சென்று, அங்கே கட்டடக் கலையாகவும் வீட்டு ஒழுங்காகவும் உருவெடுத்தன. இன்று 'ஜப்பானிய எளிமை' என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையாகும் உள்ளலங்காரத்துக்குப் பின்னால் இருப்பது இந்த நீண்ட விவாதம். அதன் மையத்தில் எப்போதும் ஒரு விருந்தாளி இருந்தார். விற்பனையில் காணாமல் போனவர் அவர்தான்.

விமலகீர்த்தி நிர்தேச சூத்திரம் பொது ஆண்டின் முதல் இரண்டு நூற்றாண்டுகளை ஒட்டி இந்தியாவில் உருவான நூல். குமாரஜீவர் 406இல் செய்த சீன மொழிபெயர்ப்பே கிழக்காசியா முழுவதும் பரவியது. சமஸ்கிருத மூலம் அழிந்துவிட்டதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. 1999இல் லாசாவின் பொத்தாலா அரண்மனையில் ஓர் ஏட்டுப் பிரதி அடையாளம் காணப்பட்டது. நூலின் நாயகர் விமலகீர்த்தி வைசாலி நகரத்துச் செல்வந்தர், மனைவி மக்களோடு வாழும் இல்லறத்தார். அவர் நோயுற்றுப் படுத்திருக்க, அவரை நலம் விசாரிக்கப் போகும்படி புத்தர் தம் சீடர்களைக் கேட்கிறார். முன்பு அவரிடம் விவாதத்தில் தோற்ற அனுபவம் ஒவ்வொருவருக்கும் இருப்பதால் எல்லோரும் தயங்குகிறார்கள். கடைசியில் போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ கிளம்புகிறார். அந்த உரையாடலைக் கேட்கும் ஆசையில் பெருங்கூட்டமே அவர் பின்னால் வருகிறது.

விருந்தாளிகள் வருவதை அறிந்த விமலகீர்த்தி ஒரு வேலை செய்கிறார். வீட்டிலிருந்த பொருள்களையும் பணியாளர்களையும் மறைத்துவிட்டு, தாம் படுத்திருக்கும் ஒரே கட்டிலை மட்டும் அறையில் விட்டுவைக்கிறார். உள்ளே வந்த மஞ்சுஸ்ரீ, அறை ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கிறார். புத்தர்களின் உலகங்கள் எல்லாமே இப்படி வெறுமையானவைதான் என்று பதில் வருகிறது. தத்துவ விவாதம் நீண்டுகொண்டே போகிறது. கூட்டத்திலிருந்த புத்தரின் சீடர் சாரிபுத்திரருக்கோ வேறொரு கவலை. இத்தனை பேரும் எங்கே உட்காருவது? அறையில் ஒரு நாற்காலிகூட இல்லையே. அவர் மனத்தில் ஓடியதை அறிந்துகொண்ட விமலகீர்த்தி, நீங்கள் தர்மத்தைத் தேடி வந்தீர்களா, நாற்காலியைத் தேடி வந்தீர்களா என்று கேட்கிறார்.

கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் அது வெறும் துறவுப் போதனையாக நின்றிருக்கும். நூலின் மேதைமை அடுத்த திருப்பத்தில் இருக்கிறது. சாரிபுத்திரரைக் கடிந்துகொண்ட அதே விமலகீர்த்தி, தொலைதூரத்து உலகம் ஒன்றிலிருந்து 32,000 சிங்காசனங்களை வரவழைக்கிறார். மலைகளையும் விஞ்சும் உயரமுள்ள அந்த ஆசனங்கள் அத்தனையும் நெருக்கடியில்லாமல் அந்தச் சிறு அறைக்குள் அடங்குகின்றன. அறை பெரிதாகவும் இல்லை, ஆசனங்கள் சிறுத்துப்போகவும் இல்லை. ஆக, நாற்காலி வேண்டாம் என்பது விமலகீர்த்தியின் கட்சியாக இருக்க முடியாது. நாற்காலியைப் பற்றிய கவலையைத்தான் அவர் கடிந்தார். வந்தவர்கள் அமர இடம் தருவதில் அவர் குறை வைக்கவில்லை. அறையைக் காலி செய்தவரும் நிறைத்தவரும் ஒருவரே என்பதைப் பிற்காலத்தில் எளிமையைப் போற்றியவர்களில் பலர் மறந்துவிட்டார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் அலங்காரம் பற்றிய கேள்வியும் வந்துவிடுகிறது. அந்த வீட்டில் வாழும் ஒரு தேவதை கூட்டத்தின் மேல் மலர்களைத் தூவுகிறாள். போதிசத்துவர்கள் மேல் விழுந்த மலர்கள் கீழே உதிர்ந்துவிடுகின்றன. சாரிபுத்திரர் முதலிய சீடர்களின் ஆடையிலோ அவை ஒட்டிக்கொண்டு, உதறினாலும் விழ மறுக்கின்றன. துறவிக்குப் பூ தகாது என்று சொல்லி உதறப் பார்க்கும் சாரிபுத்திரரிடம் தேவதை விளக்குகிறாள்: தகும், தகாது என்ற பேதம் பூவிடம் இல்லை, அதைப் பார்ப்பவரிடம் இருக்கிறது, பேதம் இருக்கும் இடத்தில் பூ ஒட்டிக்கொள்கிறது. அலங்காரத்தை அஞ்சுவதும் அலங்காரத்துக்கு ஏங்குவதும் ஒரே கட்டின் இரண்டு முனைகள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இந்த நிலைப்பாட்டின் தர்க்க அடிப்படை பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனரின் மத்தியமகக் கோட்பாட்டில் இருக்கிறது. சூனியம் என்ற சொல்லால் அவர் குறித்தது இல்லாமையை அன்று. எந்தப் பொருளும் தன்னளவில் தனித்து நிற்பதில்லை, மற்றவற்றைச் சார்ந்தே அது இருக்கிறது என்பதே அதன் பொருள். எல்லாக் கருத்துகளையும் களைவதற்கான வழியே சூனியம்; அதையே ஒரு கருத்தாகப் பிடித்துக்கொள்பவர்களுக்கு மருந்தில்லை என்று அவர் எச்சரித்தார். வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் இதன் கூர்மை தெரியும். பொருள்களைக் குறைத்துக்கொண்டே போய், குறைத்ததைப் பற்றிப் பெருமைப்படுபவர் ஒரு பெரிய மரச்சாமானைத் தூக்கிப்போட்டுவிட்டு அதன் இடத்தில் தம் பெருமையை வைத்திருக்கிறார்.

விமலகீர்த்தியின் அறை கிழக்காசியாவில் ஓர் அளவாகவும் மாறியது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் தூதர் வாங் சுவான்ஸே, விமலகீர்த்தி வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தைத் தம் கைப்பட்டயத்தால் அளந்தார் என்றும், அது பத்துப் பட்டய நீளச் சதுரமாக இருந்தது என்றும் மரபு சொல்கிறது. அதிலிருந்து பத்தடிச் சதுரம் என்று பொருள்படும் பெயர் ஜென் மடங்களில் மடாதிபதியின் அறைக்கு வந்தது. ஜப்பானிய மொழியில் அது ஹோஜோ.

இந்தப் பெயரைத் தன் தலைப்பிலேயே தாங்கியது 1212இல் கமோ நோ சோமேய் எழுதிய 'ஹோஜோகி' என்ற குறுநூல். கியோட்டோவின் புகழ்பெற்ற ஷிமோகமோ ஆலயத்தோடு தொடர்புடைய குடும்பத்தில் பிறந்த சோமேய், தலைநகரின் அழிவுகளைத் தம் கண்ணால் கண்டவர்: 1177இன் பெருந்தீ, 1180இன் சூறாவளி, அதைத் தொடர்ந்த பஞ்சம், 1185இன் நிலநடுக்கம். இத்தனை ஆபத்துள்ள நகரத்தில் செல்வத்தையும் மன அமைதியையும் கொட்டி வீடு கட்டுவதைவிடப் பெரிய மடமை இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். முப்பது வயதைத் தாண்டியபோது முன்பிருந்த வீட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வீட்டுக்கு மாறினார். அறுபதை நெருங்கியபோது அதிலும் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத குடில் ஒன்றை ஹினோ மலையில் அமைத்தார். பத்தடிச் சதுரம், ஏழடிக்கும் குறைந்த உயரம். மூட்டுகளில் கொக்கி போட்டு இணைத்த அந்தக் குடிலைப் பிரித்தால் இரண்டு வண்டியில் ஏற்றிவிடலாம்.

அந்தக் குடிலின் உள்ளமைப்பை அவர் மிகுந்த பிரியத்தோடு விவரிக்கிறார். மேற்கே அமிதாப புத்தர், ஏனெனில் அமிதாபரின் தூய உலகம் மேற்கில் இருப்பதாக நம்பிக்கை. கிழக்கே பெரணித் தழை பரப்பிய படுக்கை. மேலே ஒரு தட்டு, அதில் கருப்புத் தோல் பெட்டிகள். பெட்டிகளுக்குள் கவிதையும் இசையும் பற்றிய குறிப்புகள், மறுமை குறித்த சமய நூலின் பகுதிகள். பக்கத்தில் இரண்டு தந்தி வாத்தியங்கள்: மடக்கக்கூடிய ஒரு கோத்தோவும் பிரித்து மாட்டக்கூடிய ஒரு பிவாவும். வழிபாடு, உறக்கம், வாசிப்பு, இசை ஆகிய நான்குக்கும் நான்கு மூலைகள். சிறிய வீட்டில் எதை எங்கே வைப்பது என்று எழுதப்பட்டவற்றில் இவ்வளவு தெளிவான இன்னொரு பக்கத்தைக் காண்பது கடினம்.

நூலின் கடைசிப் பக்கத்தில் சோமேய் தம்மையே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறார். எதையும் பற்றாதே என்பது புத்தரின் போதனை. இந்தக் குடிலை இவ்வளவு நேசிப்பதும் பற்றுதானே? விமலகீர்த்தியின் அறையைப் பார்த்துத்தான் இதைக் கட்டினேன். ஆனால் என் ஒழுக்கம் புத்தரின் சீடர்களிலேயே மந்தமானவர் என்று பெயரெடுத்தவரின் அளவைக்கூட எட்டவில்லையே? கேள்விக்கு அவர் மனம் பதில் சொல்லவில்லை. நாவு மட்டும் இரண்டு மூன்று முறை அமிதாபரின் பெயரைச் சொல்லி ஓய்கிறது. துறவு இலக்கியத்தில் இந்த நேர்மை அபூர்வமானது. பொருளைக் குறைப்பதால் மட்டும் பற்று குறைந்துவிடாது என்ற நாகார்ஜுனரின் எச்சரிக்கை இங்கே ஒரு மனிதரின் அனுபவமாகவே நிற்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சோமேயின் குடிலில் விமலகீர்த்தியின் அறையில் இருந்த முக்கியமான ஒன்று இல்லை. அந்தக் குடில் ஒருவருக்காக மட்டுமே கட்டப்பட்டது.

பொருள்களை விலக்காமல் நடத்தும் முறையைப் போதித்தவர் சோமேயின் இளைய சமகாலத்தவரான தோகென். சீனத்தில் பயின்று 1227இல் திரும்பிய இவர், மடத்தின் சமையல் பொறுப்பாளருக்காக 1237இல் ஒரு கையேடு எழுதினார். பாத்திரங்களைக் கழுவிய பிறகு உயரத்தில் இருக்க வேண்டியதை உயரத்திலும், தாழ்வான இடத்துக்கு உரியதைத் தாழ்வான இடத்திலும் வைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அகப்பையையும் இடுக்கியையும் கைகொடுத்துப் பேணும் கவனத்தில் தியானம் குறைவின்றி இருக்கிறது என்பது தோகெனின் நிலை. இங்கே ஒழுங்கு என்பது பார்வைக்கு அழகாகத் தெரிவதற்கானது மட்டும் இல்லை. அடுத்து அந்தப் பொருளைத் தேடி வரப்போகும் கைக்கு அது எட்ட வேண்டும்.

இதற்கிடையில் செல்வர்களின் மாளிகைகளில் வேறொரு மரபு வளர்ந்தது. கோயில்களிலும் துறவியரின் இருப்பிடங்களிலும் சுவரில் புத்தர் ஓவியத்தைத் தொங்கவிட்டு, அதன் முன் ஒரு தாழ்ந்த பலகையில் தூபக்கலம், பூச்சாடி, விளக்குத்தண்டு ஆகிய மூன்றையும் வைக்கும் பழக்கம் இருந்தது. அந்தப் பலகை மெல்லச் சுவருக்குள் ஒடுங்கி, வரவேற்பறையின் நிரந்தர மாடமாக, தொகோனோமாவாக மாறியது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆட்சியிலிருந்த அஷிகாகா ஷோகுன்கள் சீனத்திலிருந்து வந்த ஓவியங்களையும் கலங்களையும் சேர்த்துக் குவித்தார்கள். அவற்றை எந்தத் தட்டில், எந்த வரிசையில் வைப்பது என்று படங்களோடு விளக்கும் 'குந்தாய்கன் சோச்சோகி' என்ற கையேட்டை அவர்களுடைய கலை ஆலோசகர்களான நோஅமியும் சோஅமியும் தொகுத்தார்கள். உள்ளலங்காரக் கையேடு என்று சொல்லத்தக்க நூல்களில் உலகிலேயே பழமையானவற்றுள் அதுவும் ஒன்று. வழிபாட்டுப் பலகை செல்வத்தைக் காட்டும் மேடையாகிவிட்டது என்று இந்த மாற்றத்தைக் குறை சொல்லலாம். ஆனால் அந்த ஷோகுன்களில் ஒருவரான யோஷிமசாவின் மலையடி மாளிகையில், பிற்காலத்தில் வெள்ளி மண்டபக் கோயில் என்று பெயர்பெற்ற வளாகத்தில், 1486 வாக்கில் கட்டப்பட்ட நாலரைப் பாய் அளவுள்ள ஒரு சிறு அறையும் இருக்கிறது. நாலரைப் பாய் என்றால் ஏறத்தாழ ஒன்பதடிச் சதுரம். ஹோஜோவின் அளவு மீண்டும் தலைகாட்டுகிறது.

அந்த அளவை எடுத்துக்கொண்டு அதற்குள் தேநீரை ஒரு சமயப் பயிற்சியாக வளர்த்தவர்கள் மூவர்: முராத்தா ஜுகோ, தக்கேனோ ஜோஓ, சென் நோ ரிக்யூ. இவர்களில் ரிக்யூ (1522-1591) சக்காய் துறைமுக நகரத்து வணிகர் குடும்பத்தில் பிறந்து, போர்த்தலைவர்களான ஓதா நொபுநாகாவுக்கும் பின்னர் தோயோதோமி ஹிதேயோஷிக்கும் தேநீர் ஆசானாக இருந்தவர். கியோட்டோவுக்கு அருகில் யமசாகியில், மியோகி-அன் கோயிலில் உள்ள தயான் என்ற அறை 1582ஐ ஒட்டி அவர் அமைத்தது என்று கருதப்படுகிறது. அதன் பரப்பு இரண்டே பாய். விருந்தாளிக்கு ஒன்று, தேநீர் கலப்பவருக்கு ஒன்று. சுவர்கள் வைக்கோல் தெரியும் மண்பூச்சு. மாடத்தின் மூலைகள்கூடக் கூராக இல்லாமல் மண்பூச்சால் வளைத்து மூடப்பட்டிருப்பதால், அவ்வளவு சிறிய அறையிலும் எல்லை எங்கே முடிகிறதென்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

இந்த வகை அறைக்குள் விருந்தாளி நுழைய வழக்கமான வாசல் இல்லை. சுவரின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 70 செ.மீ. உயரமும் அகலமும் கொண்ட திறப்பு, நிஜிரிகுச்சி, அதற்காக விடப்பட்டிருக்கும். உள்ளே போகும் விருந்தாளி யாராயினும் தலையைக் குனிந்து, கைகளை ஊன்றித் தவழ வேண்டும். இடுப்பில் வாளுடன் அதற்குள் நுழைய இயலாது. வாளை வெளியே உள்ள தட்டில் விட்டுவிட வேண்டும். உள்நாட்டுப் போர் ஓயாத நூற்றாண்டில், பிறப்பும் பதவியுமே எல்லாவற்றையும் தீர்மானித்த சமூகத்தில், ஒரு திறப்பின் அளவைக் குறைத்ததன் மூலம் ரிக்யூவின் மரபு சாதித்தது சாதாரணமானது அன்று. சமத்துவத்தைப் பற்றிய உபதேசத்தை யாரும் கேட்டுவிட்டு மறந்துவிடலாம். முட்டி போட்டு நுழைந்த உடம்பு மறப்பதில்லை.

பொருள்களை அமைக்கும் விதிகளும் இதே கவனத்திலிருந்து பிறந்தவை. மாடத்தில் ஒரே ஒரு சுருள் எழுத்து அல்லது ஓவியம், அதனோடு அல்லது அதற்குப் பதிலாக ஒரு பூ. அவை வீட்டின் நிரந்தர அணிகலன்கள் அல்ல. அன்றைய பருவத்துக்கும் அன்று வரும் விருந்தாளிக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர் போனதும் எடுத்துவைக்கப்படுபவை. 1906இல் வெளிவந்த 'தேநீர் நூல்' என்ற படைப்பில் ஒக்காகுரா ககுஸோ இன்னொரு விதியை விளக்குகிறார்: ஒன்று இன்னொன்றைத் திருப்பிச் சொல்லக் கூடாது. உயிருள்ள பூ இருந்தால் பூ ஓவியம் கூடாது. கெண்டி உருண்டையானால் நீர்க்கலம் கோணமுள்ளதாக இருக்கட்டும். சாடியை மாடத்தின் நட்டநடுவில் வைத்தால் இடம் இரண்டு சமபாதியாக வெட்டுப்பட்டுப்போகும். சமச்சீரைத் தவிர்ப்பதற்கு அவர் சொல்லும் காரணம் முக்கியமானது. முழுமையாக முடித்துவைக்கப்பட்ட அறையில் பார்ப்பவருக்கு வேலை இல்லை. குறையாக விடப்பட்டதைத் தன் மனத்தால் நிறைவு செய்யும் உரிமை விருந்தாளிக்கு வழங்கப்படுகிறது.

ரிக்யூவைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை இதை விளக்கும். அவர் தோட்டத்தில் அப்போது ஜப்பானில் அரிதாக இருந்த காலைப்பூக் கொடிகள் பூத்துக் குலுங்குவதைக் கேள்விப்பட்ட ஹிதேயோஷி, அவற்றைக் காண விடியற்காலையில் வந்தார். தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை, எல்லாம் அறுக்கப்பட்டிருந்தன. கோபத்தோடு தேநீர் அறைக்குள் தவழ்ந்து நுழைந்தவரின் எதிரே, மாடத்தில், ஒரே ஒரு காலைப்பூ. கதை உண்மையில் நடந்ததா என்பதைவிட, அதில் உள்ள வன்முறை கவனத்துக்குரியது. ஒன்றைப் பார்க்க வைப்பதற்காக நூறு அழிக்கப்பட்டன. தேவதை தூவிய மலர்களுக்கு முன்னால் இந்தக் கதை சற்றுக் கூச வேண்டியதுதான்.

ஹிதேயோஷி தம் பங்குக்கு ஒரு தேநீர் அறை செய்தார். மூன்று பாய் அளவு, சுவரும் கூரையும் தங்கத் தகடு போர்த்தியவை, கலங்களும் தங்கம். பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய அந்த அறை 1586இல் பேரரசரின் அரண்மனையில் வைக்கப்பட்டது. ரிக்யூவின் மண் அறைக்கு நேர் எதிரான ஆபாசம் என்று அதை ஒதுக்குவது எளிது. ஆனால் அளவிலும் அமைப்பிலும் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அடுத்த ஆண்டு கித்தானோவில் ஹிதேயோஷி நடத்திய மாபெரும் தேநீர்க் கூட்டத்தில் அந்தத் தங்க அறையும் இருந்தது. கெண்டியும் கிண்ணமும் கொண்டுவரும் எவரும், எந்தக் குலத்தவராயினும் வரலாம் என்ற அழைப்பும் இருந்தது. தங்கச் சுவரா மண் சுவரா என்பதை மட்டும் வைத்து ஓர் அறையின் அறத்தை எடைபோட முடியாது. உள்ளே வர யாருக்கு வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

1591இல் ஹிதேயோஷி ரிக்யூவைத் தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டார். காரணம் இன்றும் சர்ச்சைக்குரியது. சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, தைதோகு-ஜி கோயில் வாயிலின் மேல்தளத்தில் அவருடைய மரச்சிலை வைக்கப்பட்டது. இன்னொன்று, தேநீர்க் கலங்களுக்கு இஷ்டப்படி விலை வைத்து லாபம் பார்த்தார் என்பது. அது பொய்யாகவே இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு குற்றச்சாட்டு எழ முடிந்ததே எளிமையின் பெரிய இக்கட்டைக் காட்டுகிறது. கரடுமுரடான கிண்ணம் ரசிகரின் கண்ணில் விலைமதிப்பற்றதாகிவிட்ட பிறகு, வறுமையின் தோற்றமே செல்வத்தின் புதிய அடையாளமாகிவிடுகிறது. ஜுகோ தம் மாணவருக்கு எழுதிய கடிதத்தில் இதை முன்கூட்டியே கண்டார். தேநீர் வழிக்கு முதல் தடை அகந்தையும் பற்றும் என்றார் அவர். நேற்றுத் தொடங்கியவர்கள் பிஸென், ஷிகராகி சூளைகளின் முரட்டுக் கலங்களைக் கையில் வைத்துக்கொண்டு வாடலின் அழகைப் பற்றிப் பேசுவதைக் கடுமையாகக் கண்டித்தார்.

வெறுமையின் செலவுக் கணக்கில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. முதலாவது கிடங்கு. செல்வர் வீட்டில் பருவத்துக்கு ஒரு சுருளும் ஒரு சாடியும் மட்டுமே மாடத்தில் தெரிய வேண்டுமானால், மற்ற எல்லாப் பருவங்களின் சுருள்களும் சாடிகளும் எங்கேயாவது இருந்தாக வேண்டும். அவை தடித்த மண்சுவர் கொண்ட குரா என்ற தனிக் கட்டடத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் அறை காலியாக இருந்ததற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத அறை நிறைந்திருந்ததுதான். இரண்டாவது உழைப்பு. மெத்தையைச் சுருட்டி உள்ளறையில் வைப்பது, பாயைத் துடைப்பது, வாசல் கற்களில் நீர் தெளிப்பது ஆகியவற்றைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்களும் பணியாளர்களும். பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு அதே கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வேலை யார் தலையில் விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வெறுமையை மெச்சும் எந்த மெய்யியலும் இந்த இரண்டையும் மறைத்துப் பேசினால் அது அரைகுறையானதே.

ஆனாலும் தேநீர் மரபின் உயிர் விருந்தோம்பலில் இருந்ததால்தான், தேவைப்பட்டபோது அதனால் தன் விதிகளை வளைக்கவும் முடிந்தது. 1872இல் கியோட்டோவில் பொருட்காட்சி நடந்தபோது, தரையில் மண்டியிட்டு உட்காரப் பழக்கமில்லாத வெளிநாட்டவர் பலர் வந்தார்கள். உரசென்கே தேநீர்ப் பள்ளியின் பதினோராம் தலைவர் கெங்கென்சாய் அவர்களுக்காக மேசையும் முக்காலிகளும் வைத்துத் தேநீர் வழங்கும் ரியூரெய் என்ற முறையை வகுத்தார். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு அது இன்றளவும் உதவுகிறது. முன்னூறு ஆண்டுகளாகத் தரையோடு பிணைந்திருந்த ஒரு கலை, வந்தவருக்காகத் தன்னை மேலே உயர்த்திக்கொண்டது. மரபுக்கு நேர்ந்த இழுக்காக இதைப் பார்த்தவர்களும் உண்டு. விமலகீர்த்தி அவர்களோடு உடன்பட்டிருக்க மாட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் காலி அறை பாணியாக மாறிப் பயணப்பட்டது. மேற்கத்திய நவீனக் கட்டடக் கலைஞர்கள் ஜப்பானிய வீட்டில் தங்கள் கொள்கைக்குச் சான்று கண்டார்கள். அதே காலத்தில், 1933இல், ஜப்பானுக்குள்ளிருந்து தனிஸாகி ஜுனிச்சிரோ 'நிழல்களின் புகழ்' என்ற கட்டுரையில் எதிர்த்திசையில் ஓர் இழப்பைப் பதிவு செய்தார்: மின்விளக்கு வந்த பிறகு மாடத்தின் இருள் போய்விட்டது, இருள் போனதும் அதில் தொங்கும் சுருளும் தட்டையாகிவிட்டது. வெள்ளைச் சுவரும் பளிச்சென்ற வெளிச்சமும் கொண்ட இன்றைய வெற்றறை, ரிக்யூவின் மங்கிய மண் அறைக்கு உறவே இல்லாதது. அதில் விருந்தாளி மறைந்துவிட்டார். வீட்டுக்காரர் தன் புகைப்படத்துக்கு முன் தனியாக நிற்கிறார்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் பொருள்களைக் குறைப்பது ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. அதன் மிகப் புகழ்பெற்ற முகமான மரி கொண்டோ, இளம் வயதில் ஷிண்டோ ஆலயமொன்றில் பணி செய்தவர். அவர் முறையில் வேலையைத் தொடங்குமுன் வீட்டுக்கு வணக்கம் சொல்வதும், விலக்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் நன்றி சொல்வதும் உண்டு. இதைப் பலர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த முறையில் ஆழமான பகுதி அதுதான். வெறுமையைப் பற்றிய பழைய விவாதம் கேட்க மறந்த ஒரு கேள்வியை அது தொடுகிறது: அறையிலிருந்து வெளியே போகும் பொருள் எங்கே போகிறது? விமலகீர்த்தி தம் சாமான்களை மந்திர சக்தியால் மறைத்தார். செல்வர்கள் குராவில் அடுக்கினார்கள். இன்று அவை குப்பை மேட்டுக்குப் போகின்றன; அதற்கு அருகில் வாழ்கிறவர்களின் வீடு அதனால் காலியாவதில்லை, நிறைகிறது.

பொருளுக்கு மனிதர் கடன்பட்டிருக்கிறார் என்ற உணர்வு ஜப்பானிய மக்கள் சமயத்தில் வேர்கொண்டது. நூறாண்டு கண்ட கருவிகளுக்கு உயிர் வந்துவிடும் என்றும், உழைப்பை வாங்கிக்கொண்டு தூக்கியெறிந்தவர்களை அவை பழிவாங்கும் என்றும் இடைக்காலச் சித்திரச் சுருள்கள் கதை சொல்கின்றன. ஊசிகளுக்கான நினைவுச் சடங்கு அந்த உணர்வின் வாழும் வடிவம். ஆண்டு முழுவதும் கடினமான துணிகளைத் தைத்து ஒடிந்த ஊசிகளைத் தையற்காரர்கள் எடுத்துவந்து, கடைசியாக மென்மையான ஓர் இடத்தில் ஓய்வெடுக்கட்டும் என்று சோயாக் கட்டியில் குத்திவைத்து, ஓதுவித்து விடைகொடுப்பார்கள். டோக்கியோவின் சென்சோ-ஜி வளாகத்தில் உள்ள அவாஷிமா மண்டபத்தில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 8 அன்று இது நடக்கிறது.